தண்ணீர் வழக்குப் போடாது

அன்புள்ள ஐயா,

பழைய மீட்டர்கேஜ் மின்ரயிலைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை அப்பா எனக்கு அனுப்பினார். குரோம்பேட்டையிலிருந்து கோட்டைக்கு இருபத்தெட்டு ஆண்டுகள் அந்த ரயிலில் போய்வந்தவர் அவர். படித்து முடித்தபோது அவருக்குக் கண் கலங்கியது. எனக்கு எரிச்சல் வந்தது. வியர்வையும் நெரிசலும் வாசலில் தொங்கிக்கொண்டு போனதும் அத்தனை இனிப்பாகவா இருந்தன?

நான் துரைப்பாக்கத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். கொரோனாவின்போது இரண்டு ஆண்டுகள் வீட்டிலிருந்தே வேலை. இப்போது வாரத்தில் நான்கு நாள் கட்டாயம் வர வேண்டும் என்கிறார்கள். பல்லாவரம் போய், துரைப்பாக்கம் ரேடியல் சாலையில் திரும்பினால் பதினான்கு கிலோமீட்டர்கூட இருக்காது. ஸ்கூட்டரில் ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா டவுன் பஸ்ஸில் காசில்லாமல் போய்வருகிறார். நான் பெட்ரோலுக்கு அழுகிறேன்.

மின்சார ஸ்கூட்டர் வாங்கலாம் என்று இருக்கிறேன். சுற்றுச்சூழலுக்கு நல்லது என்கிறாள் தோழி. அந்த மின்சாரமும் நிலக்கரியில்தானே வருகிறது என்கிறார் கணவர். நான் தினமும் கடந்துபோகும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் என் மகள் பெரியவளாகும்வரை இருக்குமா என்றும் யோசிக்கிறேன். வீட்டில் உட்கார்ந்து எழுதுகிற உங்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று கேட்கத் தோன்றியது. கேட்டுவிட்டேன்.

அன்புடன்,
ச., குரோம்பேட்டை

பின்குறிப்பு: அந்தச் சதுப்பு நிலத்தில் கோழி அளவுக்கு நீல நிறத்தில் ஒரு பறவையைப் பார்க்கிறேன். அலகு சிவப்பு. அதன் பெயர் என்ன?

*

அன்புள்ள ச. அவர்களுக்கு,

கேட்டது நல்லதாயிற்று. கடைசிக் குத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எழுத்து எனக்கு ஒரு நாளும் சோறு போட்டதில்லை. சோறு போட்டது மெய்ப்புத் திருத்தும் வேலை. 1979-லிருந்து முப்பத்திரண்டு ஆண்டுகள் எழும்பூருக்குப் பக்கத்தில் ஓர் அச்சகத்தில் இருந்தேன். நானும் உங்கள் ஊர்க்காரன்தான். ரயில் பாதைக்கு மேற்கே, நாகல்கேணிப் பக்கம்.

கம்பாசிட்டர் ஈய எழுத்துகளைக் கோத்து, மை தடவி, நீளமான தாளில் ஒற்றியெடுத்துத் தருவதைக் காலி புரூஃப் என்போம். அலுவலகத்தில் முடியாததைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவருவேன். வீட்டில் முடியாதது மறுநாள் காலை ரயிலில். உட்கார இடம் கிடைத்தால் மடியே மேசை. கிடைக்காத நாளில் முன்னால் நிற்பவரின் முதுகுதான். மை விரலில் ஒட்டும், சில சமயம் அந்த முதுகிலும் ஒட்டும். வெள்ளைச் சட்டைக்காரர்களின் பின்னால் நான் நிற்பதில்லை. உங்கள் அப்பா வெள்ளைச் சட்டை போடாதவர் என்றால் அவர் முதுகிலும் ஓரிரு அத்தியாயங்களைத் திருத்தியிருப்பேன். என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பழவந்தாங்கலுக்கும் பரங்கிமலைக்கும் நடுவில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கும். அந்த இடத்தில் நான் தவறவிட்ட பிழைகளை அச்சான புத்தகங்களில் இன்றும் எடுத்துக் காட்டுவேன். ஒரு கோயில் வரலாற்றில் திருப்பணிக்குழு ‘திருப்பனிக்குழு’ ஆகிவிட்டது. செங்கல்பட்டு மாவட்டத்தில் எப்போது பனி பெய்தது என்று கேட்டு அஞ்சலட்டை வந்தது. முதலாளி அதை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். ஓய்வு பெறும்வரை அது அங்கேயே இருந்தது.

ஆக, வேலைக்குப் போய்வருவது என்றால் என்னவென்று எனக்கும் கொஞ்சம் தெரியும்.

இனிப்பு பற்றிய உங்கள் எரிச்சல் நியாயம். அந்தக் கட்டுரையில் நான் ஒன்றை விட்டுவிட்டேன். கிண்டி தாண்டியதும் சைதாப்பேட்டைக்கு முன்னால் வண்டி அடையாற்றுப் பாலத்தில் ஏறும். ஏறும்போதே பேச்சு நிற்கும். ஆண்கள் கைக்குட்டையை எடுப்பார்கள். பூக்கட்டிக்கொண்டிருக்கும் அம்மா நாரைப் பல்லில் கடித்துக்கொண்டு முந்தானையால் மூக்கை மூடுவார். பாலம் முடிந்ததும், விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும். ஒரு பெட்டி முழுக்க மனிதர்கள், நாள் தவறாமல், ஓர் ஆற்றைக் கடக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டார்கள். அதில் ஒருவருக்கும் கோபம் வந்ததாக நினைவில்லை, எனக்கும்தான். கடற்கரை–தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கிய 1931-ல் அந்த ஆற்றில் குளித்திருப்பார்கள். மீட்டர்கேஜ் கடைசியாக ஓடிய 2004-ல் மூக்கைப் பிடித்தோம். நான் ரயிலை எழுதினேன், மூக்கை எழுதவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் ஊரின் பெயர் ஒரு வேலையின் பெயர். குரோம் லெதர் கம்பெனி இங்கே தொழிற்சாலை வைத்ததால் குரோம்பேட்டை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டது பழைய முறை. குரோமிய உப்பில் ஊறவைப்பது புது முறை. சில நாளில் வேலை முடிந்துவிடும். அந்த அவசரத்தின் பெயரைத்தான் நாம் முகவரியில் எழுதிக்கொண்டிருக்கிறோம். அடுத்த ரயில் நிலையம் தாம்பரம் சானடோரியம். 1928-ல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய ஆஸ்பத்திரி. நல்ல காற்றை நம்பி நோயாளிகள் வந்து படுத்த இடம். ஒரு நிலையத்துக்கு ரசாயனத்தின் பெயர், அடுத்ததற்கு நல்ல காற்றைத் தேடி வந்தவர்களின் பெயர். நடுவே இரண்டு நிமிடப் பயணம். முப்பது ஆண்டு போய்வந்தும் இது எனக்கு உறைக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் பேரனுக்கு நிலையங்களின் பெயரைச் சொல்லிக்கொடுத்தபோதுதான் உறைத்தது.

என் அப்பா ஒரு சிறிய தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், வேலை பார்த்தார். வீட்டிலிருந்து பதினைந்து நிமிட நடை. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வந்துவிடுவார். வாசலில் நின்று முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் சுண்ணாம்புத் தொட்டியின் வாடை போகாது. வண்டி கிடையாது, பெட்ரோல் கிடையாது, பஸ் பாஸ் கிடையாது. இன்றைக்குச் சுற்றுச்சூழல் பேசுகிறவர்கள் கனவு காணும் ஏற்பாடு! ஆனால் எங்கள் கிணற்றில் எழுபதுகளின் கடைசியில் மஞ்சள் ஏறியது. முதலில் அம்மாதான் பார்த்தார். வெள்ளை வேட்டியை அலசும்போது. பிறகு குடிதண்ணீரைத் தெருக்கோடிக் குழாயிலிருந்து எடுத்தோம், அப்புறம் லாரித் தண்ணீர். வேலை வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் நஞ்சும் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதனால்தான் ‘அந்தக் காலத்தில் எல்லாம் நடந்தே போனோம்’ என்று யாராவது தொடங்கினால் நான் எழுந்து காபி போடப் போய்விடுகிறேன்.

இப்போது கணக்குப் பாருங்கள். அப்பாவுக்குப் பதினைந்து நிமிடம். எனக்கு, நிலையத்துக்கு நடப்பதையும் சேர்த்து, ஒரு மணி நேரம். உங்களுக்கு ஒன்றேகால். தலைமுறைக்குத் தலைமுறை வண்டியின் வேகம் கூடியது. வேலை அதைவிட வேகமாக ஓடி எட்டப் போய் நின்றுகொண்டது. என் காலத்தில் குரோம்பேட்டைக்காரர்கள் வேலைக்குப் போனது வடக்கே: கிண்டி, மாம்பலம், எழும்பூர், பாரிமுனை. ரயிலும் வடக்கே போனது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே கோட்டில் போய்விட்டு அதே கோட்டில் திரும்பினோம். 2000-ல் தரமணியில் மென்பொருள் நிறுவனங்களுக்காக டைடல் பூங்கா திறந்தார்கள். அதைத் தொடர்ந்து பழைய மகாபலிபுரம் சாலை நெடுக அலுவலகங்கள் எழுந்தன. வேலை கிழக்கே போயிற்று. ரயில் அதன் பின்னால் போகவில்லை. நீங்கள் ஸ்கூட்டரில் போகிறீர்கள்.

கிழக்கே என்ன இருந்தது? பல்லாவரத்திலிருந்து கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம் தாண்டினால் எங்கள் காலத்தில் கழுவெளி. பள்ளிக்கரணையைச் சதுப்பு நிலம் என்று சொல்ல நாங்கள் பின்னால்தான் கற்றுக்கொண்டோம். வெறும் கழுவெளி, கோரை, தண்ணீர். அந்தப் பக்கம் யாருக்கும் வேலை இல்லை என்பதால் யாரும் போகவில்லை. அறுபதுகளில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த சதுப்பில் இன்று மிஞ்சியிருப்பது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. நகரத்தின் குப்பை பெருங்குடியில் மலையானது. கட்டடங்கள் வந்தன. இருநூறடிச் சாலை நட்டநடுவே போயிற்று. நீங்கள் தினமும் போகும் சாலையின் இருபுறமும் தண்ணீர் தெரிகிறதே, அது ஒரே தண்ணீர். சாலைதான் அதை இரண்டாக்கியது.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். தென்சென்னையின் ஏரிகள் நிரம்பினால் ஒன்றிலிருந்து ஒன்றாக வழிந்து கழுவெளிக்கு வரும். அங்கே தங்கி, ஒக்கியம் மடுவு வழியாக மெதுவாக பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, தெற்கே கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேரும். உங்கள் அலுவலகம் பழைய மகாபலிபுரம் சாலையில் கிழக்கு பார்த்து இருந்தால், சன்னலிலிருந்து கால்வாய் தெரிய வேண்டும். கறுப்பாக, அசையாமல், ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கும். அதுவும் ஒரு காலத்தில் வேலைக்குப் போகும் வழிதான்.

என் அம்மாவின் அப்பா கேளம்பாக்கம் உப்பளத்தில் இருந்தவர். உப்பு மூட்டைகளைப் படகில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுபோவார்கள். காற்று வாகாக இருந்தால் பாய். இல்லாவிட்டால் இரண்டு பேர் கரையில் இறங்கித் தோளில் கயிற்றைப் போட்டுக்கொண்டு இழுத்தபடியே நடப்பார்கள். ஒருவர் மூங்கில் கழியோடு படகில் நிற்பார். சாயங்காலம் கிளம்பினால் விடியும்போது ஊர் வரும் என்பாராம் தாத்தா. அவருடைய வலது தோளில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காய்ப்பு இருந்தது. சின்ன வயதில் அம்மா அதைத் தொட்டுப் பார்ப்பாராம், கட்டை மாதிரி இருக்குமாம். புகையில்லாப் போக்குவரத்து என்று இப்போது பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தத் தோள்தான் நினைவுக்கு வருகிறது.

அந்தக் கால்வாயை வெட்டிய கதையும் லேசானதல்ல. 1806-ல் சென்னையிலிருந்து வடக்கே எண்ணூர் வரை முதலில் வெட்டினார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டு கிலோமீட்டர் 1877–78 பஞ்சத்தின்போது வெட்டியது, நிவாரண வேலையாக. பசியில் ஊரை விட்டு வந்தவர்கள் மண் சுமந்தார்கள். அந்தப் பஞ்சத்தில் கொஞ்ச காலம், ஒரு நாள் முழுக்க உழைக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் என்று கூலி வைத்திருந்தார்கள். ஒரு பவுண்டு என்றால் அரைக்கிலோகூட இல்லை. கால்வாய்க்கு அப்போதைய கவர்னர் பக்கிங்காம் கோமகனின் பெயரை வைத்தார்கள். ரயில் வந்தது, லாரி வந்தது. 1960-களின் நடுவில் அடித்த புயல்களுக்குப் பிறகு படகும் நின்றுபோனது. நூறு வருடம் போல வழியாக இருந்தது சாக்கடையாயிற்று.

பிறகு அதன் தலையிலேயே ரயில் விட்டார்கள். பறக்கும் ரயில் 1995-ல் சேப்பாக்கம் வரை, 1997-ல் மயிலாப்பூர் வரை, 2007-ல் வேளச்சேரி வரை. சேப்பாக்கத்திலிருந்து தெற்கே வெகுதூரம் அந்தப் பாதை கால்வாயை ஒட்டியும் கால்வாய்க்குள் தூண் ஊன்றியும்தான் போகிறது. இப்போது ஓய்வில் இருப்பதால் சில மதியங்களில் அதில் ஏறிச் சும்மா போய்வருவேன். திருமயிலை நிலையத்தில் இறங்கி நடைமேடையின் ஓரமாக நின்று கீழே பாருங்கள். தூணைச் சுற்றிப் பிளாஸ்டிக் பாட்டில்கள் ஒரு வளையமாகச் சேர்ந்திருக்கும். அந்த வளையத்தின் மேல் ஒரு கொக்கு நிற்கும், சிரத்தையாக, மீன் வரும் என்ற நம்பிக்கையில். மேலே வண்டி வந்து போனாலும் அது அசையாது.

ஏன் கால்வாய்க்குள் தூணை ஊன்றினார்கள்? பொறியாளர்களுக்குத் தண்ணீர் மேல் பகையா? இல்லை. அங்கே நிலம் கேட்டு யாரோடும் பேச வேண்டியதில்லை, அவ்வளவுதான். இதே பறக்கும் ரயிலை வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு நீட்டும் வேலை 2008-ல் தொடங்கியது. வெறும் ஐந்து கிலோமீட்டர். ஆதம்பாக்கம் பக்கம் கடைசி ஐந்நூறு மீட்டரில் வீடுகளும் மனைகளும் குறுக்கே வந்தன. உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள், இழப்பீடு கேட்டார்கள், அவர்கள் கேட்டதில் தப்பும் இல்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. கால்வாயின் மேல் கிலோமீட்டர் கணக்கில் போன பாதை பட்டா நிலத்தில் ஐந்நூறு மீட்டர் போக முடியவில்லை. மனைக்காரர் வழக்குப் போடுவார். தண்ணீர் வழக்குப் போடாது.

இதைப் பிடித்துக்கொண்டால் இந்த ஊர் வரைபடத்தில் பாதி புரிந்துவிடும். விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலம் கட்டிப் போட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையமே சில நாள் மூடிக் கிடந்தது. மாம்பலத்தில் ரயில் பாதையை ஒட்டி நீண்டு கிடந்த ஏரி தியாகராய நகராயிற்று. உங்கள் ரேடியல் சாலை கழுவெளியில். நான் போன ரயில் மட்டும் உத்தமமா என்று கேட்பீர்கள். 1856-ல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியபோது எஞ்சினில் போட்டது பெரும்பாலும் விறகு. காடு கரைந்ததைப் பார்த்துத்தான் கடற்கரை மணலில் சவுக்கு நட்டார்கள். நாம் அழகு என்று படம் எடுக்கும் சவுக்குத் தோப்புகள் பலவும் எஞ்சினுக்கு அடுப்பெரிக்க வளர்த்த பயிர்.

இனி உங்கள் ஸ்கூட்டர்.

வாங்குங்கள். தயங்க வேண்டாம். கணவர் சொல்வதில் பாதி சரி. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் வட சென்னையில் எரிக்கும் நிலக்கரியும் நம் மின்கம்பியில் இருக்கின்றன. வட சென்னை அனல்மின் நிலையத்துச் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்து, விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அங்கேயும் ஓடுவது இதே பக்கிங்காம் கால்வாய்தான் என்பதைக் கவனியுங்கள். உங்கள் ஸ்கூட்டரின் புகை துரைப்பாக்கத்தில் வராது. எண்ணூரில் மீன் பிடிக்கிறவரின் வலையில் சாம்பலாக வரும். ஆனாலும் ஆரல்வாய்மொழியில் காற்றாடிகள் சுற்றுகின்றன. ஆடி மாதம் உங்கள் வண்டியில் கொஞ்சம் ஆடிக்காற்றும் ஓடும். பெட்ரோல் எஞ்சின் எரிப்பதில் பெரும்பகுதியைச் சூடாக வீணடிக்கிறது; மின்மோட்டார் அப்படியல்ல. சிக்னலில் நாள் முழுக்க நிற்கும் போக்குவரத்துக் காவலரின் நெஞ்சுக்கும் அது நல்லது. நிலக்கரி இருக்கிறது என்பதற்காகப் பெட்ரோலோடு இருந்துவிடலாம் என்பது, எப்படியும் பசிக்கும் என்பதற்காகச் சாப்பிடாமல் இருப்பது போல.

ஆனால் ஒன்றேகால் மணி நேரம் அப்படியேதான் இருக்கும். நெரிசலுக்குப் புகை தேவையில்லை. எல்லாரும் மின்சார வண்டிக்கு மாறினால் அதே சாலை போதாமல் போகும். சாலையை அகலப்படுத்த வேண்டும் என்பார்கள். அகலப்படுத்த எந்தப் பக்கம் இடம் இருக்கிறது என்பது தினமும் போகிற உங்களுக்குத் தெரியும்.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்தது உங்கள் வீட்டில் வேலை செய்யும் அந்த அக்காவைப் பற்றிய வரி. நீங்கள் ஏதோ குறையாகச் சொல்வதுபோல் பட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனது. எங்கள் தெருவில் இட்லிக்கடை வைத்திருக்கும் அம்மாவிடம் அதைப் பற்றிக் கேட்டேன். முன்பு கீழ்க்கட்டளைவரை நடந்தே போய்க் காய்கறி வாங்கிவருவாராம். இப்போது பஸ்ஸில் போகிறார். மிச்சமாகும் காசைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். “அக்காவைப் பார்க்கப் போகிறேன் சார்” என்றார். ஆவடியில் இருக்கும் அக்காவைக் கல்யாணம் காட்சி என்றால்தான் பார்க்க முடிந்ததாம். இப்போது மாதம் ஒரு முறை மூன்று பஸ் மாறிப் போகிறார். அறுபது வருடமாக நான் பார்த்த போக்குவரத்து மாற்றங்களில், பாலமும் மேம்பாலமும் மெட்ரோவும் சேர்த்து, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இதற்கு ஒரு பிடி கழுவெளி மண்கூடத் தேவைப்படவில்லை. ஏற்கெனவே ஓடிய பஸ்தான்.

பஸ் போதாது, நேரத்துக்கு வராது, பல்லாவரத்தில் மாறி ஏறினால் நிற்க இடம் கிடைக்காது என்பீர்கள். உண்மைதான். சண்டை போட வேண்டியது அங்கேதான் என்று நினைக்கிறேன். ஸ்கூட்டருக்கு எதைப் போட்டு ஓட்டுவது என்ற சண்டை வீட்டுக்குள் முடிந்துவிடும். உங்கள் சாலையில் இன்னும் பஸ் வேண்டும் என்ற சண்டை வெளியே வர வேண்டியிருக்கிறது.

அப்புறம் அந்த இரண்டு ஆண்டு. வீட்டிலிருந்து வேலை என்றதும் எல்லாரும் புது யுகம் பிறந்ததுபோல் பேசினார்கள். திருநெல்வேலிப் பக்கம் முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றும் பெண்களும், சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி ஒட்டிய வீடுகளும் இதைத் தலைமுறைகளாகச் செய்தவை. அவர்களுக்கு யாரும் இணைய இணைப்புக்குப் படி கொடுக்கவில்லை. இருந்தாலும் உங்கள் நிறுவனம் நான்கு நாளை இரண்டாகக் குறைத்தால், அது உங்கள் புது ஸ்கூட்டரைவிடப் பெரிய சுற்றுச்சூழல் காரியமாக இருக்கும். போகாத கிலோமீட்டருக்குப் புகையும் இல்லை, சாம்பலும் இல்லை. உங்கள் மனிதவளத்துறையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். மரம் நடும் விழாவுக்கு அழைப்பார்கள் என்று நினைக்கிறேன்.

கழுவெளி இருக்குமா? உங்கள் மகளுக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஒன்று மாறியிருக்கிறது. 2022-ல் பள்ளிக்கரணை, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பசுமைத் தீர்ப்பாயத்திலும் உயர் நீதிமன்றத்திலும் அதன் பொருட்டு வழக்குகள் நடக்கின்றன. தண்ணீர் வழக்குப் போடாது என்று மேலே எழுதினேன். அதற்காகப் போட ஆட்கள் வந்திருக்கிறார்கள். பறவைகளை எண்ணப் போனவர்கள், வெள்ளத்தில் வீட்டை இழந்தவர்கள், ஓய்வு பெற்ற சில பிடிவாதக்காரர்கள். எங்கள் தலைமுறை மூக்கைப் பிடித்துக்கொண்டு பாலத்தைக் கடந்தது. இவர்கள் பாலத்தில் நின்று கேள்வி கேட்கிறார்கள்.

உங்கள் பறவை நீலத் தாழைக்கோழி. சிவப்பு அலகுக்கு மேலே நெற்றியிலும் சிவப்புப் பட்டை இருக்கும். கால் நீளம், விரல்களும் நீளம். நடக்கும்போது வாலை வெடுக்கென்று தூக்கும், அடியில் வெள்ளை தெரியும். கோரைத் தண்டைப் பிடுங்கி, ஒரு காலால் பிடித்துத் தூக்கி, நாம் கரும்பு தின்பது போல் கடித்துத் தின்னும். ஓடுகிற வண்டியிலிருந்து இதையெல்லாம் பார்க்க முடியாது. நின்று பார்க்க வேண்டும். காலை ஆறரைக்குப் போனால் சாலை ஓரத்தில் தொலைநோக்கியும் கேமராவுமாக நாலைந்து பேர் நிற்பார்கள். வண்டியை அவர்களுடைய வண்டிக்குப் பின்னால் நிறுத்துங்கள். காவலர் வந்தால் முதலில் அவர்களிடம்தான் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை என்றால் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், அப்பாவையும். அவருக்கு ஒரு வெள்ளைச் சட்டை போட்டு அழைத்துவாருங்கள். நான் வந்தாலும் கையில் புரூஃப் இருக்காது.